ஜெயிலுக்குள் நாடகம், கூத்து: போட்டவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஜெயிலுக்குள் நடக்கிற எல்லா நாடகமும் கைதிக்காக நடப்பதில்லை. நம்ம கேரளத்து ஜெயில்களில் க்ஷேம தினம் என்று கொண்டாடுவார்கள். எம்.எல்.ஏ. வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், அப்புறம் குடிக்காதே, கஞ்சா தொடாதே, அம்மாவை அழவைக்காதே என்று ஒரு நாடகம். குடித்துவிட்டு வண்டியை ஏற்றி உள்ளே வந்தவனே குடிகாரன் வேஷம் கட்டித் தள்ளாடுவான், கடைசிக் காட்சியில் அழுவான், முன்வரிசை கை தட்டும். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். கோர்ட் சொன்னதையே மேடையில் இன்னொரு தடவை சொல்லவைக்க நாடகம் எதற்கு?

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கம் பொறாட்டு நாடகம் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: பாலக்காட்டுப் பக்கம் பாணர்கள் ஆடிவந்த கூத்து இது, பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கும், குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி, செறுமன் செறுமி, தாசி என்று வரிசையாக வருவார்கள். பெரிய கதை ஒன்றும் இல்லை. சோத்யக்காரன் என்று ஒருத்தன் நிற்பான். வருகிறவனை எல்லாம் நிறுத்தி, நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே, இந்தப் பொம்பளை உனக்கு என்ன உறவு என்று குடைவான், வந்தவன் ஏட்டிக்குப் போட்டியாகப் பதில் சொல்வான், அவ்வளவுதான் நாடகம். எங்கள் ஆசானை ஒரு ஜெயிலில் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள் (எந்த ஜெயில் என்பது வேண்டாம்), நான் ஆர்மோனியம் வாசிக்க உடன் போனேன்.

கேட்டில் சோதனை போடுவதே ஒரு கூத்து. ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சலங்கையில் எத்தனை மணி என்று எண்ணி ரிஜிஸ்டரில் எழுதினார்கள், திரும்பும்போது ஒன்று குறைந்தாலும் யாரும் வெளியே போக முடியாது. சேஃப்டி பின் கூடாது. மீசை ஒட்டுகிற கோந்து கூடாது, தீப்பிடிக்குமாம். கண்ணாடி கூடவே கூடாது. புடவைக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார்கள், புடவையில் என்ன இருக்கிறது என்று நான் முழித்தேன், வயசான வார்டன் ஒருத்தர் ஒன்றும் சொல்லாமல் மேலே உத்தரத்தைக் காட்டினார். கடைசியில், புடவை கட்டுகிறவன் பக்கத்தில் அவிழ்க்கிறவரை ஒரு வார்டன் நிற்பது என்று முடிவாயிற்று. அதனால் எங்கள் குறத்தி எங்கே போனாலும் பின்னால் காக்கிச்சட்டை ஒன்று போகும்.

கண்ணாடி இல்லாமல் அரிதாரம் பூசுவது எப்படி? ஆசான் எல்லோரையும் எதிரெதிரே உட்காரவைத்தார், நீ அவனுக்குப் பூசு, அவன் உனக்குப் பூசட்டும் என்றார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உள்ளே யாரும் யார் முகத்திலும் கை வைப்பதில்லை, வைத்தால் அது அடிக்கத்தான். ஒரு வெட்டுக் கேஸ்காரர், அறுபது தாண்டியவர், அவர் எதிரே கஞ்சா கேஸில் வந்த பையன். பையனைக் கண்ணை மூடச்சொல்லி இமைக்கு மேல் மை இழுக்கிறார், கை நடுங்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தும் கோணிவிட்டது. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற குழந்தைக்குப் பாட்டி துடைத்துவிடுகிற மாதிரி துணி நுனியை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, திரும்ப இழுத்தார். பையன் முகத்தைக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவன் அவருக்குப் பூசினான், கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டான், பெரியவர் பேய் மாதிரி ஆகிவிட்டார்.

வேஷம் பிரிக்கும்போது எல்லோரும் தாசி வேஷத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள், சிரிப்பெல்லாம் அதில்தானே. ஒரு ரிமாண்ட் கைதி, வாயே திறக்காமல் சுவரோரம் இருப்பவர், எனக்கு சோத்யக்காரனைக் கொடுங்க என்றார். ஏன் என்று கேட்டார் ஆசான்.

"ஸ்டேஷன்ல கேட்டாங்க, கோர்ட்டுல கேட்டாங்க, இங்க வந்தப்புறம் தெனமும் கேக்கறாங்க. ஒரு தடவை நான் கேக்கறேன், மத்தவங்க பதில் சொல்லட்டும்."

கொடுத்தார். அந்த ஆள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! பொறாட்டில் சோத்யக்காரன் சபையையும் வம்புக்கு இழுக்கலாம். நிகழ்ச்சியன்று முன்வரிசையில் இருந்த சூப்பிரண்டைப் பார்த்து, ஐயா எத்தனை வருஷமா உள்ள இருக்கீங்க என்று கேட்டுவிட்டார். வார்டன்கள் முகம் செத்துப்போயிற்று. சூப்பிரண்டு நல்ல மனுஷன், "ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்குப் பரோலே கிடையாதுப்பா" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்னொரு தொல்லை, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நம்ம நாட்டு ஜெயில்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், 2022-ஆம் வருஷக் கணக்கில் 75.8 சதவீதம். வழக்கு இன்னும் முடியாதவர்கள், நாளைக்கே ஜாமீனில் போகலாம், வேறு ஜெயிலுக்கும் மாற்றலாம். நாடகம் போடுகிறவனுக்கு எந்த நடிகன் எந்த நாள் இருப்பான் என்பதே தெரியாது. எங்கள் குறத்திக்கு நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஜாமீன் வந்தது. குறவன் அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, ஒரு நாள் கழிச்சு வந்தா உனக்கு என்னடா கொறஞ்சு போகும் என்று திட்டினான். மறுநாள் தனியாகவே மேடைக்கு வந்தான். குறத்தி எங்கேடா என்று சோத்யக்காரன் கேட்டார். "ஜாமீன்ல போய்ட்டா." பாட்டிலும் இல்லாத வசனம், ஆசானும் சொல்லித்தராத வசனம், அன்றைக்கு அதுதான் தூக்கி நின்றது.

திருந்தினார்களா என்றால் எனக்குத் தெரியாது, நான் ஆர்மோனியக்காரன். நேரத்துக்கு வந்தார்கள். எதிராளியின் வசனத்தையும் சேர்த்துப் பாடம் பண்ணினார்கள், அவன் விட்டால் எடுத்துக்கொடுக்க வேண்டுமே. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருத்தனுக்குப் பக்கத்து ஆள் ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லி முழுப் பாட்டையும் ஏற்றிவிட்டான். இதற்கு முன் அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆந்திரா பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள், அங்கே எப்படி?

நகரியிலிருந்து:

அண்ணா, எங்கள் அப்பா கூத்து வாத்தியார். நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு அவர் ஜமா, அதாவது கூத்துக் குழு, போகும். தமிழிலும் ஆடுவார்கள் தெலுங்கிலும் ஆடுவார்கள், சில ராத்திரி கிருஷ்ணன் தமிழில் கேட்க துரியோதனன் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டுப் போவான், எங்கள் ஊரில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

இந்தப் பக்கத்து ஜெயில்களில் செம்மரக் கேஸில் வந்த தமிழ்நாட்டு ஆட்கள் நிறைய, ஜவ்வாது மலை, திருவண்ணாமலை பக்கத்து ஆட்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதே மரம் வெட்டுகிற கூலி வேலைக்கு வந்து பிடிபட்டவர்கள். வெட்டச் சொன்னவன் பெரும்பாலும் வெளியில்தான் இருப்பான். இவர்களுக்குத் தெலுங்கு துளியும் வராது, கோர்ட்டில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாமல் நின்றுவிட்டு வருவார்கள்.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள், நான் பின்பாட்டுக்குப் போனேன். (பெண்பிள்ளை உள்ளே போகலாமா என்று அதற்குத் தனியாக ஒரு கடிதம்.) முதல் நாள் அப்பா தெலுங்கில்தான் ஆரம்பித்தார், உள்ளூர்ப் பையன்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், மலைக்காரர்கள் தள்ளி ஓரமாகக் குந்திக்கொண்டார்கள். அப்பா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மிருதங்கக்காரருக்குக் கண்ணைக் காட்டினார், கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் வரவுக்கு வாசிக்கிற தாளம். ஓரத்தில் இருந்த ஒருத்தரின் கால் கட்டைவிரல் தரையில் தட்ட ஆரம்பித்தது. அப்பா அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போல. எந்த ஜமாப்பா என்றார் தமிழில். அந்த ஆள் திகைத்துப்போய், ஊர் ஜமாதான் சாமி, கர்ணன் கட்டுவேன் என்றார்.

கர்ண மோட்சம் முழுக்க அவருக்கு மனப்பாடம். அதற்கப்புறம் அப்பாவுக்கு வேலை பாதியாகிவிட்டது, அவரே தெலுங்குப் பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார், வலது இடது சொல்லத் தெரியாமல் அவரவர் தொடையில் தட்டித் தட்டி. பையன்கள் அவருக்கு குடி, எடம என்று சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே தொடங்கி, நாங்கள் கடைசியாகப் போனபோது தன் வக்கீலிடம் தானே நாலு வார்த்தை பேசுகிற அளவுக்குத் தெலுங்கு வந்திருந்தது. பாரக்கில் எல்லோரும் அவரை கர்ணன்னா என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவரை "ஏய் தமிழோடு" தான், டேய் தமிழா என்கிற மாதிரி.

எங்கள் கட்டைக் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் அனுமதி இல்லை, ஆணி இருக்கிறது. அட்டையை வெட்டவும் கத்தரி கிடையாது, ஈரப்படுத்தி மடித்துக் கிழித்தார்கள். சோற்றைப் பிசைந்து பசை. கண்ணாடிச் சில்லு பதிக்கிற இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கத்து வெள்ளியை ஒட்டினார்கள், லைட் பட்டதும் எங்கள் வீட்டுக் கிரீடத்தைவிட அதுதான் பளபளத்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் பொறாமை.

துகிலுரிதல் மட்டும் வேண்டாம் என்று அப்பா விட்டுவிட்டார். திருவிழாவில் அந்தக் காட்சிக்குத்தான் கூட்டம் சேரும், அதையே போய் விடுகிறாரே என்று நான் சண்டை போட்டேன். "இங்க யார் எந்தக் கேஸ்ல இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, அந்தக் காட்சியில எவன் எதுக்குச் சிரிப்பான்னும் தெரியாது" என்றார். இப்போது நினைத்தாலும் அதுதான் சரி என்று படுகிறது. கூத்து எதையும் சுத்தம் பண்ணிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை அவர்.

வாளையாரிலிருந்து:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு யாராவது போய்ப் பாட்டுப் பாடினீர்களா? எங்கள் சித்தப்பா மகனைக் கொன்றவன் உள்ளே செண்டை கற்றுக்கொண்டு விழாவில் அடிக்கிறான், படம் பேப்பரில் வந்தது, சிரித்துக்கொண்டிருக்கிறான். சித்தி அந்தப் படத்தைப் பார்த்தாங்க. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். செண்டை கற்றுக்கொள்ளட்டும். படம் எதற்கு?

பெயர் வேண்டாம், நானும் எல்லைப் பக்கம்தான்:

வாளையார் அண்ணா, நான் உள்ளே இருந்தவன். என் கேஸ் கடைசியில் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள், ஆனால் விடுகிறவரைக்கும் உள்ளேதான். படத்தைப் பற்றி நானும் சொல்லணும். எங்களையும் எடுத்தார்கள், இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, முன்னால வாங்க என்று கூப்பிட்டு எடுத்தார்கள், போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தோம். மறுநாள் காலையில் அந்தக் கதை முடிந்தது. உங்கள் சித்திக்கும் என் மகளுக்கும் ஒரே பேப்பர்.

மற்றபடி நாடகத்தைக் குறை சொல்லமாட்டேன். சாயங்காலம் அடைத்துப் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். அந்த நேரம் முழுக்க எல்லோரும் கேஸைத்தான் மென்றுகொண்டிருப்போம், அவன் இப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, இவன் காட்டிக்கொடுத்துட்டான், வெளியே போய் என்ன பண்ணுவேன் பார் என்று. வசனம் கைக்கு வந்தப்புறம் அதில் கொஞ்ச நேரம் வசனத்துக்குப் போயிற்று. அவ்வளவுதான், பெரிதாக ஞானமெல்லாம் வரவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு பெரிசு என்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தப்புறம் யாரும் கேட்கவில்லை. உள்ளே நடித்தேன் என்று எந்த வேலைக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. இப்போது ஒரு சவுண்ட் சர்வீஸில் இருக்கிறேன், அங்கே கற்றதில் உருப்படியாக உதவுவது மைக்கை எங்கே வைத்தால் ஊளையிடாது என்பதுதான்.

பாலக்காட்டிலிருந்து (வக்கீல்):

கோட்டைக்குள் சப் ஜெயில் இருந்த காலத்திலிருந்து கட்சிக்காரர்களைப் பார்க்கப் போய்வருகிறேன், இப்போது ஜெயில் மலம்புழாவுக்குப் போய்விட்டது. வாளையார்க்காரர் கேட்டதற்குச் சட்டத்தில் முழுப் பதில் கிடையாது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் சொல்லலாம், சாய்த்ததில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்குப் பெரிய பங்கு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், வக்கீலாக இருந்தபோது 1948-இல் தானே ஜெயிலில் இருந்தவர், 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் ஜெயில் இலாகாவும் அவரிடம்தான். 1977-இல் அவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்தபோது ஒரு ஆந்திர வழக்கு வந்தது, வேலை வாங்கித் தருகிறேன் என்று இளைஞர்களை ஏமாற்றிய கியாசுதீன் என்பவருடையது. தண்டனை பழிவாங்க இல்லை, ஆளை மீட்டுக் கொண்டுவர என்று எழுதி, தண்டனையைக் குறைத்து, மூளைக்கு வேலை கொடுக்கிற மாதிரி பணி கொடுக்கச் சொல்லியும் உத்தரவு போட்டார். கைதிக்கு நாடகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

வெளியூர் உதாரணங்களும் உண்டு. மைசூர் ரங்காயணா நாடக அமைப்பின் ஹுலுகப்பா கட்டிமனி கர்நாடக ஜெயில் கைதிகளை வைத்து நாடகம் போட்டு, வெளி மேடைகளுக்கும் கூட்டிவந்திருக்கிறார். கல்கத்தாவில் நடனக் கலைஞர் அலகானந்தா ராய் 2007-இல் கைதிகளுக்கு நடனம் சொல்லித்தரத் தொடங்கினார், அங்கே வால்மீகி வேஷம் கட்டிய நைஜல் அக்காரா விடுதலையாகி வங்காள சினிமாவில் நடிகரானார். அமெரிக்காவில் சான் குவென்டின் ஜெயிலில் 1957-இல் சாமுவேல் பெக்கெட் என்ற நாடகாசிரியரின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை 1,400 கைதிகள் பார்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதில் பெண் பாத்திரம் இல்லை என்பதுதான், குறத்தி பின்னால் போன காக்கிச்சட்டையைப் படித்ததும் எனக்கு அது ஞாபகம் வந்தது. வெளியே பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட நாடகம் உள்ளே யாருக்கும் புரியாமல் போகவில்லை, வராத ஒருத்தனுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், வாய்தா வாங்கிப் பழகினவனுக்கு இதில் என்ன விளக்கம் வேண்டும். ரிக் க்ளூச்சி என்ற ஆயுள் கைதியைச் செல்லைவிட்டு வெளியே விடவில்லை, ஒலிபெருக்கியில் கேட்டார். பிற்பாடு உள்ளேயே குழு தொடங்கி, விடுதலையாகி, பெக்கெட்டிடமே வேலை செய்தார்.

ஒரு எச்சரிக்கை. நியூயார்க்கின் சிங் சிங் ஜெயிலில் 1996-இல் தொடங்கிய கலைத் திட்டத்தில் இருந்தவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களே திரும்ப ஜெயிலுக்கு வருகிறார்கள் என்று அந்த அமைப்பு சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் தானாக வந்து பெயர் கொடுக்கிறவன் ஏற்கனவே பாதி மாறினவனாக இருக்கலாம் இல்லையா? கோர்ட்டில் நான் எதிர்த்தரப்பில் இருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறுபடி:

நகரி தங்கச்சி, பிஸ்கட் பாக்கெட் யோசனையை ஆசானிடம் சொன்னேன், இரண்டு பெட்டி பிஸ்கட் வாங்கச் சொல்லியிருக்கிறார், தின்பது யார் என்று சொல்லவில்லை.

வாளையார் அண்ணா, உங்க சித்திக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. படம் விஷயத்தை மட்டும் ஆசான் ஒத்துக்கொண்டார். இனிமேல் எங்கள் குழு போகிற இடத்தில் பேப்பர்காரர்களைக் கூப்பிடக்கூடாது என்று மனுவிலேயே எழுதிக் கொடுக்கிறோம். விழாவாகக் காட்ட வேண்டியவர்களுக்கு இது பிடிக்காது, சில இடத்தில் அதனாலேயே கூப்பிடாமல் போகலாம், போகட்டும்.

எப்படி அனுமதி வாங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: முதலில் வெல்ஃபேர் ஆபீசரைப் பாருங்கள், அவருக்கு இஷ்டம் இல்லாவிட்டால் சூப்பிரண்டு மேஜைக்கு எதுவும் போகாது. கொண்டுபோகிற ஒவ்வொரு சாமானையும் எழுதுங்கள், பென்சில் உட்பட. பின்னுக்குப் பதிலாக நாடா தைத்துக்கொண்டு போங்கள். அரிதாரம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில். ஒத்திகை அடைப்பு நேரத்துக்கு நல்ல முன்னாலேயே முடியணும், எண்ணிக்கை எடுக்கும்போது ஒருத்தன் குறைந்தால் அடுத்த நாள் நாடகமே இருக்காது. ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு பேரைத் தயார் பண்ணுங்கள், யார் யாருக்கு என்றைக்கு வாய்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன கேஸ் என்று மட்டும் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் திரும்பப் போகிறோம், மத்தளம் வாசிக்க ஒருத்தர் வேண்டும். சம்பளம் கிடையாது. ஜெயில் சப்பாத்தியும் கோழிக்கறியும் வாங்கித் தருவார்கள், அது உண்மையிலேயே நன்றாக இருக்கும்.